கடுக்காய் போட்டால் துரு கறுக்கும்! 25 வருட மாருதியின் கதவை வீட்டிலேயே சரிசெய்த கதை

[திரையில்: துருப்பிடித்த ஒரு தகடு, பக்கத்தில் கைப்பிடி கடுக்காய்]

இந்தத் தகட்டைப் பாருங்கள். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய கடுக்காய்ப் பொடியைக் கொதிக்க வைத்து, வடிகட்டி, அந்தத் தண்ணீரை பிரஷ்ஷில் தொட்டு இந்தத் துருவின் மேல் தடவுகிறேன். ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டே வருகிறது, தெரிகிறதா? இப்போது மை கொட்டியது போல ஆகிவிட்டது. செங்காவி நிறத்தையே காணோம்! இது ஏன் நடக்கிறது என்று புரிந்துவிட்டால், வாசலில் நிற்கிற பழைய காரின் துருவை எப்படிக் கையாள்வது என்பதில் பாதி புரிந்துவிடும். நடுவில் காந்தம் வைத்து ஒரு சோதனையும் இருக்கிறது. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் அதை மட்டுமாவது பார்த்துவிடுங்கள்.

வணக்கம் நண்பர்களே. இது அப்பா 1999-ல் வாங்கிய மாருதி 800. 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்ற வண்டி, எத்தனையோ குடும்பங்களுக்கு முதல் கார். எங்களுக்கும் அப்படித்தான். திருவான்மியூரில் கடற்காற்று வீசுகிற தெருவில் இத்தனை வருடம் நின்றிருக்கிறது, இன்னும் முதல் சாவியிலேயே ஸ்டார்ட் ஆகிறது. இதைக் காயலான் கடைக்கு அனுப்ப எனக்கு மனசு இல்லை. அதனால்தான் இந்த வீடியோ.

துரு எப்படி வருகிறது என்பது பள்ளிக்கூடப் பாடம்: இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன், உப்பு சேர்ந்தால் வேகம். சரி, முடிந்தது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இரும்பு துருவானால் பல மடங்கு உப்பும். அதனால்தான் பெயின்ட் முதலில் கொப்புளம் போலத் தூக்குகிறது. வெளியே கடுகளவு கொப்புளம் தெரிந்தால் உள்ளே ஒரு ரூபாய் நாணய அளவுக்கு வேலை நடந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: கதவின் அடிப்பக்கம், டார்ச் வெளிச்சம்]

உள்ளே என்று சொன்னேன் அல்லவா, அதுதான் விஷயம். கண்ணாடி ஓரத்து ரப்பர் வழியாகக் கதவுக்குள் மழைத்தண்ணீர் இறங்கத்தான் செய்யும், எல்லாக் காரிலும் அப்படித்தான். அது வெளியேறுவதற்காகக் கதவின் அடி ஓரத்தில் சின்னச் சின்னத் துளைகள் வைத்திருப்பார்கள். எங்கள் தெருவில் புங்க மரம். அதன் பூவும் தூசியும் உள்ளே இறங்கி, ஊறி, களிமண் மாதிரி துளையை அடைத்துவிட்டது. விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவிக் கீழே இருந்து குத்தினேன். டிகாஷன் நிறத்தில் அரை டம்ளர் தண்ணீர் கொட்டியது! மழை விட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது. ஒன்பது நாளாகக் கதவு தண்ணீருக்குள் நின்றிருக்கிறது. எந்த பெயின்ட் தாங்கும்? கம்பியோ ஸ்குரூடிரைவரோ வேண்டாம், உள் பெயின்ட்டைக் கீறிவிடும். ஈர்க்கு போதும்.

இப்போது காந்தம். ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற சாதாரணக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கதவின் மேலிருந்து கீழே மெதுவாக இழுக்கிறேன். பிடிக்கிறது, பிடிக்கிறது... இங்கே வழுக்கி விழுந்துவிட்டது. அந்த இடத்தில் இரும்பு இல்லை, வெறும் பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பப் பூசுகிற பசை. நான்கு வருடம் முன்னால் ஒரு டிங்கரிங் கடையில் ஓட்டையை வெட்டி எடுக்காமல் மேலேயே பட்டி பூசி, பெயின்ட் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். பார்க்கப் பளபளவென்று இருந்தது. இரண்டு மழைக்காலம்தான். பட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், சுற்றி இருக்கிற இரும்பு அதை ஒட்டியே அரிபடும். நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. பழைய கார் பார்க்கப் போகும்போது சட்டைப்பையில் ஒரு காந்தம் எடுத்துப் போங்கள், தயவுசெய்து.

சரி, வேலைக்கு வருவோம். கண்ணாடி, மாஸ்க் கட்டாயம். பழைய பெயின்ட் தூளில் ஈயம் இருக்கலாம், குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். கம்பி பிரஷ்ஷால் உதிர்கிற துரு அத்தனையையும் எடுத்துவிட்டு, 80 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 180, அப்புறம் 320. கொப்புளத்தோடு நிறுத்தாமல் நல்ல பெயின்ட் வரை தேயுங்கள். விரலால் தடவினால் படி மாதிரி தட்டக்கூடாது, சரிவாக இறங்க வேண்டும். வெறும் இரும்பில் தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டாம், காய்வதற்குள் மறுபடி செம்பழுப்பு படரும். கடைசியில் தின்னர் துணியால் ஒரு துடை.

எவ்வளவு தேய்த்தாலும் குழிகளுக்குள் புள்ளி புள்ளியாகத் துரு நிற்கும். இங்கேதான் ரஸ்ட் கன்வெர்ட்டர், துருவை உதிராத பொருளாக மாற்றுகிற திரவம். இங்கேதான் நம் கடுக்காயும்.

கன்வெர்ட்டர் பாட்டில்கள் பலவற்றில் முக்கியமான சரக்கு டானிக் அமிலம், கடுக்காயின் துவர்ப்புச் சரக்கும் அதே வகைதான். துவர்ப்பும் துருவும் சந்தித்தால் கறுப்பான ஒரு புதுப் பொருள் உண்டாகிறது, அது துருவைப் போல உதிராது. வாழைப்பூ நறுக்கும்போது இரும்பு அரிவாள்மனை கறுத்துப் போகுமே, அதே சங்கதிதான். இதைவிட அழகான ஒன்று சொல்கிறேன், இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. கலம்காரி, அதாவது கையால் வரைகிற துணி ஓவியத்தில், அந்தக் கறுப்புக் கோடு எங்கிருந்து வருகிறது தெரியுமா? துருப்பிடித்த இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு நாள்கணக்கில் ஊறப்போட்டுப் புளிக்க வைப்பார்கள். துணியை முன்னாலேயே கடுக்காயில் ஊறவைத்துக் காயவைத்திருப்பார்கள். அந்த இரும்புத் தண்ணீரைத் தொட்டுத் துணியில் இழுத்தால், இழுக்க இழுக்கக் கோடு கறுப்பாகிவிடும். ஸ்ரீகாளஹஸ்தியில் இன்றும் அப்படி வரைகிறார்கள், நம் தஞ்சாவூர்ப் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் கலம்காரி உண்டு. யோசித்துப் பாருங்கள். அங்கே துருவைக் கொண்டுபோய்க் கடுக்காயில் வைக்கிறார்கள், இங்கே கடுக்காயைக் கொண்டுவந்து துருவில் வைக்கிறோம். கோயில் திரைச்சீலையில் இருக்கிற கறுப்பும் என் கார் கதவில் வந்திருக்கிற கறுப்பும் ஒரே வேதியியல்! இதற்கு ஒரு லைக் போடுங்கள், எனக்காக அல்ல, அந்தக் கடுக்காய்க்காக.

ஆனால் கடுக்காய்த் தண்ணீரை மட்டும் தடவிவிட்டு விடாதீர்கள். இந்தத் தகட்டின் மேல் தண்ணீர் ஊற்றித் தேய்க்கிறேன், பாருங்கள், கறுப்பு கையோடு வருகிறது. கடையில் விற்கிற கன்வெர்ட்டரில் இதைப் பிடித்து நிறுத்தக் கோந்து போல ஒரு பாலிமர் சேர்த்திருப்பார்கள். இன்னொன்று, கன்வெர்ட்டர் வேலை செய்யவே துரு வேண்டும். பளிச்சென்ற இரும்பில் அடித்தால் அதற்கு மாற்றுவதற்கு ஒன்றுமில்லை. உதிர்கிற துருவில் அடித்தால் மேல்தோல் மட்டும் கறுக்கும், அடியில் பழைய கதைதான். இரண்டு கோட், பாட்டிலில் போட்டிருக்கிற நேரம் காயவிடுங்கள். பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த வகையும் உண்டு. டெல்லி இரும்புத் தூண் சுமார் 1600 வருடமாக நிற்பதற்கு அதன் இரும்பில் இருக்கிற பாஸ்பரஸ் ஒரு முக்கியக் காரணம், அதே குடும்பம்தான்.

அடுத்தது பிரைமர், பெயின்ட்டுக்கு முன்னால் அடிக்கிற அடிப்பூச்சு. ஈரமில்லாத நாளாகப் பார்த்து அடியுங்கள், மார்கழிப் பனி விழுகிற காலையில் வேண்டாம். இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கிற எபாக்சி பிரைமர் என்றால் நல்லது, கன்வெர்ட்டரோடு ஒத்துப்போகுமா என்று பாட்டிலில் படித்துவிடுங்கள். சாதாரண ரெட் ஆக்சைடு அடித்துவிட்டு, பெயின்ட்டை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டீர்களானால், அது ஈரத்தை உள்ளே விட்டுவிடும். மேல் பெயின்ட் ஸ்ப்ரே கேனில் மெல்லிசாக மூன்று கோட். அவ்வளவுதான்.

ஓட்டை விழுந்துவிட்டால்? நான் என் கதவில் செய்தது இது: பட்டியைச் சுரண்டி எடுத்து, நல்ல இரும்பு வரும் வரை வெட்டி, தகடு வைத்து வெல்டிங் மட்டும் டிங்கரிடம். பக்கத்திலேயே நின்று பார்த்தேன். பேட்டரி கனெக்ஷனைக் கழற்றிய பிறகுதான் வெல்டிங்கைத் தொட விட வேண்டும்.

இனி கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது. கதவுக்குக் கீழே ஓடுகிற ரன்னிங் போர்டு, சஸ்பென்ஷன் மாட்டியிருக்கிற இடம், சீட் பெல்ட் போல்ட் இருக்கிற இடம், இந்த மூன்றிலும் ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டும்போது கணீரென்று கேட்காமல் பொத்தென்று கேட்டால் வீட்டு வைத்தியம் வேண்டாம், நல்ல ஆளிடம் எடுத்துப் போங்கள். மோதினால் உங்கள் உயிரைத் தாங்க வேண்டிய இரும்பு அது. 15 வருடம் தாண்டி 5 வருடத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்கப் போகும்போது வண்டியைப் பார்ப்பார்கள், அதற்காகச் சொல்லவில்லை. பின்சீட்டில் உட்கார்ந்து போகிற அம்மாவுக்காகச் சொல்கிறேன்.

[திரையில்: வெள்ளை பெயின்ட் காய்ந்த கதவு, டாஷ்போர்டுப் பெட்டிக்குள் ஒரு ஈர்க்கு]

இந்த ஈர்க்கு இனிமேல் வண்டியிலேயே இருக்கும். மழை பெய்த மறுநாள் நான்கு கதவுக்கும் ஒரு குத்து. உங்கள் கார்க் கதவின் அடியில் எத்தனை துளை இருக்கிறது என்று இன்றே குனிந்து எண்ணிக் கமெண்டில் எழுதுங்கள், வண்டிப் பெயரோடு. இந்த முன்கதவில் நான் கண்டுபிடித்தது மூன்று. நான்காவது ஒன்று இருக்கிறது என்று யாராவது சொன்னால் டார்ச்சோடு மறுபடியும் தரையில் படுத்துத் தேடுகிறேன்.