ஏழு பேர் வண்டியில் ஒரு கட்டு கொத்தமல்லி

வணக்கம். இன்றைக்கு வண்டி ஓட்டிக்கொண்டே பேசவில்லை. கோவை சிங்காநல்லூரில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே உட்கார்ந்துதான் பேசுகிறேன். மூன்று வரிசை, ஏழு இருக்கை, டீசல் எஸ்யூவி, 2021-இல் வாங்கியது. பின் சீட்டைக் காட்டுகிறேன், பாருங்கள். ஒரு கட்டு கொத்தமல்லி, அரைக் கிலோ தக்காளி. உழவர் சந்தைக்குப் போய்வந்தேன். இதற்காக ஏறத்தாழ 1,800 கிலோ இரும்பை உருட்டிக்கொண்டு போனேன் என்று வாசலில் நிறுத்தும்போதுதான் உறைத்தது.

எங்கள் அப்பாவுக்கு ஒரு பழக்கம். டீசல் போட்டால் உடனே நோட்டில் எழுத வேண்டும். தேதி, கிலோமீட்டர், லிட்டர். அவர் டிவிஎஸ் 50 ஓட்டிய காலத்துப் பழக்கம், எனக்கும் தொற்றிக்கொண்டது. நான் கூடுதலாக எழுதுவது, எத்தனை பேர் ஏறினோம் என்பது. நேற்று ராத்திரி போன வருடக் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். 11,000 கிலோமீட்டர், 950 லிட்டர். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ அளவுக்குக் கரியமில வாயு வரும். லிட்டரே ஒரு கிலோ எடை இல்லையே, அதிலிருந்து எப்படி இரண்டே முக்கால் கிலோ வரும் என்று என் பையன் கேட்டான். நல்ல கேள்விதான். டீசலில் இருக்கிற கார்பன் எரியும்போது காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துச் சேர்த்துக்கொள்கிறது, எடை அங்கேதான் ஏறுகிறது. ஆக, வருடத்துக்கு 2,500 கிலோவுக்கு மேல். வண்டியின் எடையைவிட அது விட்ட வாயுவின் எடை அதிகம்!

ஆனால் என்னை உறுத்தியது அந்த மொத்தம் இல்லை. அப்பா, அம்மா, மாமியார், நாங்கள் இருவர், பிள்ளைகள் இரண்டு என்று ஏழு பேரும் ஏறி உடுமலைக்குப் போனால் ஹைவேயில் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுக்கும். ஆளுக்குக் கிலோமீட்டருக்கு 28 கிராம் கரியமில வாயு வருகிறது. அதே வண்டியில் நான் மட்டும் ஏறி, சிக்னலுக்கு சிக்னல் நின்று ஊருக்குள் ஓட்டினால் ஒன்பதரைதான். அப்போது 280 கிராம். பத்து மடங்கு! லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் போகும் பஸ்ஸில் ஐம்பது பேர் ஏறினால் ஆளுக்கு 11 கிராம்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சரி, நான் தனியாக ஓட்டியது எவ்வளவு? 4,100 கிலோமீட்டர். பாட்டிகளுக்காக வாங்கிய வண்டி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். நோட்டு வேறு கதை சொல்கிறது.

இதில் இன்னொரு கூத்து. பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடித்துவைக்க டிபிஎஃப் என்று ஒரு வடிகட்டி உண்டு. அது நன்றாகச் சூடேறினால்தான் பிடித்த கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். குட்டிக் குட்டித் தூரமாக ஊருக்குள்ளேயே ஓட்டினால் சூடேறாது, அடைத்துக்கொள்ளும். போன ஆகஸ்டில் எனக்கு அதற்கான எச்சரிக்கை விளக்கு எரிந்தது. சர்வீஸில் கேட்டால், “ஹைவேயில் ஏறி இருபது நிமிஷம் ஒரே வேகத்தில் ஓட்டுங்க சார்” என்றார்கள். நீலாம்பூரில் ஏறி, ஒரு வேலையும் இல்லாமல் அவிநாசி வரை போய்த் திரும்பினேன். காற்றைச் சுத்தமாக்கும் வடிகட்டியைக் காப்பாற்ற டீசலை எரித்தவன் நான்.

எலெக்ட்ரிக் வாங்கலாமே என்று கமெண்டில் கேட்கிறீர்கள். கணக்குப் போட்டேன். நம் நாட்டு மின்சாரத்தில் நிலக்கரிதான் இன்னும் பெரும்பங்கு, யூனிட்டுக்கு ஏறத்தாழ 700 கிராம் கரியமில வாயு. பெரிய எலெக்ட்ரிக் வண்டி யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர் போனால்கூட என் டீசலில் பாதிதான் வரும். பேட்டரி செய்யும்போது வருகிற வாயு முதலிலேயே கணக்கில் ஏறிவிடும், ஆனாலும் நிறைய ஓட்டுகிறவர்களுக்கு அது சில வருடத்தில் ஈடாகிவிடும். எனக்குப் பணம் இடிக்கிறது, அதுதான் உண்மை. அதோடு, நான் இதை விற்றால் இது காயலான் கடைக்கா போகும்? வேறொருவர் வாங்கி இதே டீசலை ஊற்றி ஓட்டுவார்.

அதனால் வண்டி இருக்கும், சாவி என்னிடம் இருக்காது. நேற்றே மனைவியிடம் கொடுத்துவிட்டேன். மூன்று பேருக்குக் குறைவாக இருந்தால் சாவி கிடையாது, ஆஸ்பத்திரி அவசரம் என்றால் மட்டும் விலக்கு. அப்புறம் எப்படிக் கொத்தமல்லி வாங்க இதில் போனாய் என்று கேட்பீர்கள். டிபிஎஃப் விளக்கு எரிகிறது என்று பொய் சொல்லி வாங்கினேன். இந்த வீடியோவை அவள் பார்ப்பாள், தெரியும்.

அடுத்த வாரம் ஊட்டி. உயர் நீதிமன்றம் சொன்னபடி 2024 மே மாதத்திலிருந்து மலை ஏற இ-பாஸ் வேண்டும். காலையில் பதிவு செய்தேன். எத்தனை பேர் என்று ஒரு கட்டம் இருந்தது, ஏழு என்று போட்டேன். மாமியார் இப்போதே பிளாஸ்க்கைக் கழுவி வைத்துவிட்டார்.