சித்தப்பாவின் ஜீப் வெள்ளத்தில் இறங்கிய கதை

நடுவர் ஐயாவுக்கும் திருகோணமலைச் சபையோருக்கும் வணக்கம். நேரம் கொஞ்சம், கதை பெரிசு.

பெரிய ஜீப் வாங்க நினைப்பவர் அதன் ஹைபிரிட் வண்டியும் (எஞ்சினும் மின் மோட்டரும் சேர்ந்தது) மின்சார வண்டியும் வரும்வரை காத்திருக்கலாம் என்பது எங்கள் அணி. எனக்கு முன் பேசிய எதிரணித் தம்பி என்ன சொன்னார்? "மின்சார ஜீப்பை வெருகல் வெள்ளத்துக்குள்ள இறக்கினா மீனுக்கும் ஷொக், அக்காவுக்கும் ஷொக்!" நீங்களும் கைதட்டினீர்கள். தம்பி, நீங்கள் வேறு எந்த ஊரைச் சொல்லியிருந்தாலும் விட்டிருப்பேன். வெருகலைச் சொல்லிவிட்டீர்கள்.

2011 ஜனவரி. பொங்கலுக்கு இரண்டு நாள். கிழக்கு முழுக்க வெள்ளம். அம்மம்மா ஈச்சிலம்பற்றில் தனியே இருக்கிறா. சித்தப்பா தன் டீசல் ஜீப்பில் அரிசி, மா, சீனி எல்லாம் ஏற்றினார். நானும் தொற்றிக்கொண்டேன். மூதூர் தாண்டி வெருகல் பக்கம் போகப் போகத் தெருவைக் காணோம், இரண்டு பக்கமும் நிற்கிற மரங்கள்தான் தெருவுக்கு அடையாளம். தண்ணீர் சில்லுக்கு வந்தது. "சித்தப்பா, திருப்புவமே?" "விசரே உனக்கு? இது டீசல். பொறி போடுற பிளக் இல்லை, நனைஞ்சு நிக்கிறதுக்கு ஒண்டுமில்லை." கதவடிக்கு வந்தது. "சித்தப்பா..." "டீசலடி பிள்ளை, டீசல்!" முன்னால் எழும்பின அலை பொனட்டுக்கு மேலே ஏறினது.

ட்டக்.

அவ்வளவுதான் சத்தம். நடுவர் ஐயா, தேங்காய் உடைத்த மாதிரி ஒரேயொரு ட்டக். ஜீப் நின்றது, சித்தப்பாவின் பேச்சும் நின்றது. என் மடியில் சீனிப் பை கரைந்துகொண்டிருக்கிறது. பிறகு தோணியில் வந்த மீனவர் அண்ணன்மார் அரிசியையும் எங்களையும் ஏற்றிக்கொண்டு போய் அம்மம்மா வாசலில் இறக்கினார்கள். "ஜீப் எங்கையடா?" என்று அம்மம்மா கேட்டா. சித்தப்பா பதில் சொல்லவில்லை.

தண்ணீர் வற்றினபின் கராஜில் எஞ்சினைப் பிரித்தார்கள். பிஸ்டனைத் தாங்குகிற கம்பி அரிவாள் மாதிரி வளைந்திருந்தது. ஏன்? எஞ்சின் மூச்சு விடுகிற சாமான். காற்றை இழுத்து அமத்தித்தான் டீசலைப் பற்ற வைக்கும். காற்றை அமத்தலாம். தண்ணீரை அமத்த முடியுமா? பிளக் இல்லாதது உண்மை சித்தப்பா, மூக்கு இருந்ததே!

மின்சார மோட்டருக்கு அந்த மூக்கே இல்லை, தம்பி. பற்றரியும் மோட்டரும் தண்ணீர் புகாமல் அடைத்த பெட்டிக்குள். மின் கசிவு தெரிந்தால் வண்டி தானே இணைப்பைத் துண்டிக்கும். மெர்சிடிஸ் 2024இல் தன் ஜி கிளாஸ் ஜீப்பை மின்சாரத்தில் கொண்டுவந்தது, சில்லுக்கு ஒரு மோட்டராக நாலு. அது 850 மில்லிமீற்றர் ஆழத் தண்ணீருக்குள் போகும். அதே ஜீப்பின் எஞ்சின் வண்டிக்கு 700தான். ஏறக்குறைய ஆறு அங்குலம் கூட! அன்றைக்கு வெருகலில் மூக்கில்லாத அந்த ஜீப் இருந்திருந்தால் 'ட்டக்' கேட்டிருக்காது. இப்போது யாருக்கு ஷொக், தம்பி?

அது மூன்று தொன்னுக்கு மேல் பாரம் என்பீர்கள். உண்மை, சேற்றில் பாரம் ஆகாது. ஹைபிரிட்டுக்கும் எஞ்சின் உண்டு, அதுவும் மூச்சு விடும் என்பீர்கள். அதுவும் உண்மை. அதனால்தானே பொறுங்கள் என்கிறோம்! 1951இல் பிறந்த டொயோட்டாவின் லேண்ட் குரூசர் ஜீப் வம்சம் அமெரிக்காவில் ஹைபிரிட் ஆனது 2024 மாடலில்தான். மின்சார ரேஞ்ச் ரோவர் ஜீப்புக்கு 2023 கடைசியிலேயே பெயர் பதியத் தொடங்கினார்கள். நமக்குக் காத்திருப்பு புதிதா? 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தானே திறந்தது? கரன்ட் எங்கே என்று கேட்ட அடுத்த தம்பிக்கு ஒரு வரி: நிலக்கரி ஆலை வர இருந்த சம்பூரிலேயே 120 மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்கு 2025 ஏப்ரலில் அடிக்கல் வைத்தாயிற்று.

மணி அடிக்கிறது ஐயா. ஒன்று மட்டும் சொல்ல விடுங்கள்.

2022 ஜூன். எஞ்சின் மாற்றின அதே ஜீப். அம்மம்மாவுக்குக் கடுமை என்று ஈச்சிலம்பற்றில் இருந்து போன் வந்தது. தாங்கியில் டீசல் இல்லை. பெற்றோல் செட் வரிசையில் சித்தப்பா மூன்று இரவு ஜீப்புக்குள்ளேயே படுத்தார். வெள்ளைக்காரன் கட்டின எண்ணெய்த் தாங்கிகள் சீனக்குடாவில் 99 நிற்கிற ஊர் இது. அந்த ஊரில் ஒரு மகனுக்குத் தாயிடம் போக இருபது லீற்றர் டீசல் கிடைக்கவில்லை. "மகன் வாறானோ?" என்று அம்மம்மா ஒவ்வொரு நாளும் போனில் கேட்டா. நாலாம் நாள் விடியக் கிடைத்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு சித்தப்பா வேறு டீசல் ஜீப் பார்க்கவில்லை. வீட்டுக் கூரையில் சோலார் போட்டிருக்கிறார். அந்த வெயிலில் ஓடுகிற ஜீப்புக்காகக் காத்திருக்கிறார். இந்தா, மூன்றாம் வரிசையில் இருக்கிறார். சித்தப்பா, எழும்புங்கோ.

நடுவர் ஐயா, காத்திருக்க வேண்டாம் என்று தீர்ப்புச் சொல்வதென்றால், இவரைப் பார்த்துச் சொல்லுங்கள்.