சண்டை முடிந்த பிறகுதான் படம்

[திரை: சுங்கை சிப்புட் பழைய கடைவீதி, மாலை நேரம்]

வணக்கம். போர்ப் படம் என்றால் நமக்குக் குண்டும் புகையும்தான் ஞாபகம் வரும். போர் முடிந்து வீடு திரும்பியவனை எந்தப் படம் ஒழுங்காகக் காட்டியது? இன்றைக்கு அதைப் பார்ப்போம்.

மலேசியாவின் இந்தச் சுங்கை சிப்புட் ஊரிலிருந்து இதைப் பேசக் காரணம் இருக்கிறது. 1948 ஜூன் 16 அன்று இங்கே தோட்டத் துரைமார் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க அவசரகாலம் வந்தது. 1960 வரை நீடித்தது. அப்புறம் 1968 முதல் 1989 வரை மறுபடியும் காட்டுச் சண்டை.

[திரை: சுழலும் மின்விசிறி]

படக்காரர்களுக்குப் பிடித்த உத்தி இது. மின்விசிறி சுற்றும், ஹெலிகாப்டர் சத்தம் கேட்கும், அவன் வியர்த்துப்போய் எழுவான். பொய் இல்லை, ஆனால் பாதிப்பில் அது ஒரு பகுதிதான். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980இல் இதை PTSD, அதாவது பேரதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனப் பாதிப்பு, என்று தனி நோயாகப் பட்டியலில் சேர்த்தது. சதா உஷாராக இருப்பது, பழசை ஞாபகப்படுத்தும் இடத்துக்கே போகாமல் இருப்பது, சொந்தப் பிள்ளையிடம்கூட மனசு ஒட்டாமல் மரத்துப்போவது, எல்லாம் இதில் அடக்கம். கத்துவதைப் படம் எடுத்துவிடலாம். மரத்துப்போனதை எப்படி எடுப்பது?

எங்கள் தோட்டத்தில் ஒரு முன்னாள் ராணுவத்தார் இருந்தார். எல்லைக் காட்டில் ரோந்து போனவர். ஒட்டுக்கடையில் சுவரோரம் முதுகு வைத்து, வாசலைப் பார்த்துத்தான் உட்காருவார். அந்த மேசையில் ஆள் இருந்தால் தே தாரிக்கைப் பையில் கட்டி வாங்கிக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார்.

'தி ஹர்ட் லாக்கர்' (2008) இந்த மாதிரி விஷயத்தைப் பிடித்த படம். ஈராக்கில் கை நடுங்காமல் வெடிகுண்டு வயரை வெட்டுகிறவன், ஊருக்கு வந்து சூப்பர்மார்க்கெட்டில் சீரியல் பெட்டிகள் முன்னால் திகைத்து நிற்கிறான். எதை எடுப்பது என்று தெரியவில்லை. கடைசியில் போருக்கே திரும்பிப் போகிறான்.

ஆனால் என் ஓட்டு 1946இல் வந்த 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' படத்துக்குத்தான். அதில் நடித்த ஹரால்ட் ரஸ்ஸல், ராணுவப் பயிற்சியில் வெடிமருந்து விபத்தில் இரண்டு கைகளையும் இழந்தவர். கையிருக்கும் இடத்தில் இரும்புக் கொக்கி. படத்தில் அவர் ஹோமர் என்ற சிப்பாய். ஓர் இரவு ஹோமர், தன்னை விரும்பும் பெண்ணைத் தன் அறைக்கு அழைத்து, படுக்கப் போகும்முன் என்ன செய்கிறான் என்று காட்டுகிறான். வாரைக் கழற்றுகிறான், கொக்கிகள் கட்டிலில் விழுகின்றன. இனி கதவு சாத்திக்கொண்டால்கூட அவனால் திறக்க முடியாது. அவள் தயங்காமல் அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுகிறாள். பின்னணியில் ஒரு குண்டுச் சத்தம் கிடையாது. இந்த வேடத்துக்காக ரஸ்ஸல் இரண்டு ஆஸ்கர் வாங்கினார்.

அதே ஆண்டு ஜான் ஹூஸ்டன், மனம் உடைந்த நிஜச் சிப்பாய்களின் சிகிச்சையை 'லெட் தேர் பீ லைட்' என்ற ஆவணப்படமாக எடுத்தார். ராணுவம் அதை முப்பது வருஷத்துக்கு மேல் பூட்டி வைத்தது. பார்க்க வேண்டிய படம்தான். ஊசி போட்டதும் நடக்க முடியாதவன் எழுந்து நடப்பதை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள், அவ்வளவு சீக்கிரம் யாரும் தேறுவதில்லை.

நம் நாட்டில்? 'புக்கிட் கெப்போங்' (1981) நல்ல படம், ஆனால் அதன் உயிர், 1950இல் கம்யூனிஸ்டுகள் ஒரு போலீஸ் நிலையத்தைத் தாக்கிய அந்த முற்றுகையில்தான் இருக்கிறது. காட்டிலிருந்து திரும்பியவரின் வீட்டைக் காட்டும் மலேசியப் படம் உங்களுக்குத் தெரிந்தால் கீழே பெயரைப் போடுங்கள், அடுத்த வீடியோவில் அதைப் பார்ப்போம்.