ஏர் சஸ்பென்ஷன் வண்டிக்கு ஷாக் மாற்றும்போது

வணக்கம் நேயர்களே.

வேகத்தடையில் ஏறி இறங்கினால் வண்டி ஒரு தடவை அமுங்கி, எழுந்து, அத்தோடு நின்றுவிட வேண்டும். இரண்டாவது, மூன்றாவது தடவையும் தூளி மாதிரி ஆடினால் ஷாக் அப்சார்பர் தளர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். சாதாரண காரில் அதை மாற்றுவது பெரிய வேலை இல்லை. சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றில் நிற்கும் ஏர் சஸ்பென்ஷன் உள்ள எஸ்யூவி என்றால்தான் பலருக்கும் கை நடுங்குகிறது. அந்தப் பயத்தில் பாதி நியாயமானது, பாதி அநாவசியம்.

ஆம்னி பஸ்ஸின் அடியில் குனிந்து பார்த்தவர்களுக்கு ஏர் பெல்லோ தெரிந்திருக்கும். அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே பானை போல உப்பி நிற்கும் கறுப்பு ரப்பர். வண்டியின் எடையைச் சுமப்பது அதற்குள் இருக்கும் காற்று. ஆட்டத்தை அடக்குவது ஷாக்குக்குள் இருக்கும் எண்ணெய். இரண்டும் வேறு வேறு வேலை. இந்த வித்தியாசம் பிடிபடாமல்தான் பணம் வீணாகிறது. இரவு நிறுத்திய வண்டி காலையில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தால் அது காற்றுக் கசிவு. புது ஷாக் போட்டாலும் மறுநாள் அப்படியேதான் உட்கார்ந்திருக்கும். உயரம் சரியாக இருக்கிறது, ஓடும்போது மட்டும் குதிக்கிறது என்றால்தான் ஷாக்.

வண்டியின் மூலையைக் கையால் அமுக்கி விட்டுப் பார்ப்பது இரண்டு டன் எடையுள்ள எஸ்யூவிக்கு நம்பகமான சோதனை அல்ல. அதைவிட டயரைத் தடவிப் பாருங்கள். சுற்றிலும் மேடும் பள்ளமுமாகத் திட்டுத் திட்டாகத் தேய்ந்திருந்தால் சக்கரம் தரையில் பதியாமல் துள்ளியிருக்கிறது. பிறகு ஷாக்கின் உடம்பைப் பாருங்கள். மேல்பக்கம் லேசாக எண்ணெய்ப் படலமும் தூசியும் இருந்தால் பரவாயில்லை. எண்ணெய் கோடாக வழிந்து கீழ்முனையின் ரப்பர் வளையமான புஷ் வரை நனைந்திருந்தால், எண்ணெயை அடைத்து வைக்கும் சீல் போய்விட்டது. ஒன்று போனாலும் அதே அச்சில் இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். புதுசும் பழசும் ஒரே அச்சில் இருந்தால் திருப்பத்தில் வண்டி ஒரு பக்கமாக இழுத்து ஆடும்.

அடுத்து, உங்கள் வண்டி எந்த ரகம் என்று பார்க்க வேண்டும். 2002 முதல் 2009 வரை வந்த டொயோட்டா பிராடோ 120 வரிசையில் சில மாடல்களுக்குப் பின்பக்கம் மட்டும் ஏர் பெல்லோ உண்டு. அதில் பெல்லோ தனி, ஷாக் தனி. மாறாக ஏர்மேட்டிக் என்ற ஏர் சஸ்பென்ஷன் உள்ள பழைய பென்ஸ் எம்.எல்., ஜி.எல். வண்டிகளின் முன்பக்கம் இரண்டும் ஒரே உருப்படி. ஷாக்கைச் சுற்றியே பெல்லோ இருக்கும். தனித்தனியாக இருந்தால் நல்ல மெக்கானிக்கிடம் அரை நாள் வேலை. ஒன்றாக இருந்தால் கதை வேறு, அதற்குப் பிறகு வருகிறேன்.

பிராடோவின் பின்பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். வாங்க வேண்டியவை: ஏர் மாடலுக்கென்றே வரும் ஷாக் இரண்டு, மேல்முனை ரப்பர்களும் வாஷர்களும், புது லாக் நட்டுகள். சுருள் ஸ்பிரிங் மாடலின் ஷாக் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். உள்ளே வால்வின் இறுக்கம் வேறு. சில மாடல்களில் ஷாக்கின் தலையில் இறுக்கத்தை மாற்றும் சின்ன மோட்டாரும் உட்காரும். அது பொருந்தும் தலைதான் வேண்டும். முந்தின நாள் மாலையே மேல் நட்டிலும் கீழ் போல்ட்டிலும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். கடலோர ஊர் வண்டி என்றால் இரண்டு தடவை.

வண்டியைச் சமதரையில் சாதாரண உயரத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுங்கள். ஜாக்கியைத் தொடும் முன் உயரக் கட்டுப்பாட்டை நிறுத்தும் பட்டனை அழுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட வேண்டும். இதை மறந்தால் என்ன ஆகும்? ஜாக்கி பாடியைத் தூக்கியதும் அச்சு கீழே தொங்குகிறது. உயரம் பார்க்கும் சென்சாருக்கு ஜாக்கி இருப்பது தெரியாது. வண்டி அளவுக்கு மேல் எழும்பிவிட்டது என்று நினைத்து பெல்லோவின் காற்றைத் திறந்துவிடும். பிறகு நீங்கள் வண்டியை இறக்கும்போது காற்றில்லாத ரப்பர் ஏடாகூடமாக மடிந்து நசுங்கும். மடிந்த இடத்தில்தான் பின்னாளில் வெடிப்பு வரும்.

சேஸிஸைத் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்து, சக்கரத்தைக் கழற்றியாயிற்று. இப்போது இரண்டாவது ஜாக்கியை அச்சின் அடியில் கொடுத்து, எடையைத் தாங்கும் அளவுக்கு ஏற்றுங்கள். இந்த வேலை முழுவதிலும் முக்கியமான இடம் இதுதான். அச்சு அளவுக்கு மேல் தொங்காமல் பிடித்துக்கொண்டிருப்பது ஷாக்தான். அதைக் கழற்றியதும் பிடிமானம் போய், அச்சின் முழுப் பாரமும் பெல்லோவின் மேல் விழும். ரப்பர் இருக்கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளலாம், பிரேக் ஹோஸ் இழுபடலாம், சென்சாரின் இணைப்புக் கம்பி முறியலாம். இரண்டாவது ஜாக்கி இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். ஒரு சமயத்தில் ஒரு பக்கத்து ஷாக்கை மட்டும் கழற்றுவதும் நல்லது.

மேல் நட்டு, சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவே கை நுழையாத இடுக்கில் இருக்கும். ஸ்பேனரைத் திருப்பினால் நட்டோடு சேர்ந்து ஷாக்கின் நடுத்தண்டான ராடும் சுற்றும். ராடின் நுனியைச் சின்ன ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு ரிங் ஸ்பேனரால் நட்டைத் திருப்ப வேண்டும். ரப்பரும் வாஷரும் எந்த வரிசையில் எந்தப் பக்கம் பார்த்து இருக்கின்றன என்று போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

புது ஷாக்கைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டக் கூடாது. படுக்க வைத்திருந்ததால், இரட்டைக் குழாய் ஷாக்கில் காற்று உள்குழாய்க்குள் புகுந்திருக்கும். செங்குத்தாக நிறுத்தி, நான்கைந்து தடவை கடைசி வரை அமுக்கி நீட்டுங்கள். முதலில் நடுவில் ஒரு தொய்வு தெரியும், அப்புறம் ஒரே சீராக இறுகும். பிறகு மாட்டும் வரை சாய்க்காதீர்கள். பளபளக்கும் ராடை கட்டிங் பிளேயரால் பிடிப்பது பெரும் பாவம். அதில் விழும் ஒரு கீறல் ஒவ்வொரு ஆட்டத்திலும் சீலை அறுத்து, சில மாதத்திலேயே எண்ணெயை வெளியேற்றிவிடும். மேல் நட்டுக்கு ஏர் கன்னும் வேண்டாம். ராட் வேகமாகச் சுற்றி உள்ளே பிஸ்டன் நட்டே தளரலாம்.

மேல் நட்டை, ரப்பர் பிதுங்கி வாஷரின் விளிம்பைத் தொடும் அளவுக்கு இறுக்கினால் போதும். கீழ் போல்ட்டை இப்போது கையால் மட்டும் முடுக்கி வையுங்கள். கடைசி இறுக்கம், சக்கரம் தரையில் நின்று வண்டி தன் உயரத்துக்கு வந்த பிறகுதான். ரப்பர் புஷ் சுழலாது, முறுக்கித்தான் கொடுக்கும். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி நிற்கும்போதெல்லாம் அது முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். புது ஷாக் போட்டும் லொடலொட சத்தம் வருகிறது என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதை.

சக்கரத்தை மாட்டும் முன் பெல்லோவைச் சோப்புத் தண்ணீரால் கழுவிவிடுங்கள். டீசல், பெட்ரோல், கிரீஸ் எதுவும் ரப்பரில் படக் கூடாது. மடிப்பில் வெடிப்புக்குள் நூல் தெரிந்தால் அதையும் மாற்றும் நேரம் வந்துவிட்டது. குழாய் சேரும் இடத்தில் நுரை கட்டினால் கசிவு. சின்னக் கசிவுதானே என்று விட்டால் காற்று நிரப்பும் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடிச் சூடேறிக் கருகும். ஷாக் வாங்கிய காசைவிட அது அதிகம்.

வண்டியை மெதுவாக இறக்கி, எடை சக்கரத்தில் வந்ததும் எஞ்சினை ஓட்டி, அணைத்த பட்டனை மறுபடி போடுங்கள். காற்று ஏறும்வரை நகர்த்தாதீர்கள். பெல்லோ வெறுமையாக இருந்தால் அது நிரம்பும்வரை முழு எடையையும் அதன்மேல் விடக் கூடாது. பிறகு சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை இரண்டு பக்கமும் டேப் பிடித்து அளந்து பாருங்கள். பின்னால் ஒரே அச்சுத் தண்டு என்பதால் வீல் அலைன்மென்ட் தேவையில்லை. 100 கிலோமீட்டர் ஓடிய பின் போல்ட்டுகளை ஒரு முறை சரிபார்த்தால் போதும்.

பென்ஸின் முன்பக்கம் போல ஒன்றாக இருக்கும் ரகத்தில் வீட்டு வாசலில் கை வைக்காதீர்கள். வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்கேனர் வைத்துக் காற்றை இறக்க வேண்டும், குழாய் இணைப்புக்குப் புது ஃபிட்டிங் வேண்டும், மாட்டிய பின் சக்கரம் தரையைத் தொடும் முன்பே காற்று நிரப்ப வேண்டும், முடிவில் அலைன்மென்ட்டும் உண்டு. செலவுக்குப் பயந்து எல்லாவற்றையும் கழற்றிவிட்டுச் சுருள் ஸ்பிரிங் போடுபவர்கள் இருக்கிறார்கள். ஓடும்தான். ஆனால் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கை அணைக்கத் தனிக் கருவி வேண்டும், ஷாக்கையும் அந்த ஸ்பிரிங்குக்கு ஏற்றதாகப் போட வேண்டும். எழுந்து தணியும் உயர வசதி போய்விடும். அந்த வண்டியை வாங்கியதே அதற்காக என்றால் யோசித்துச் செய்யுங்கள்.

கழற்றிய பழைய ஷாக்கை இரும்புக் கடையில் போடும்போது ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: உள்ளே அழுத்தத்தில் நைட்ரஜன் இருக்கிறது, கேஸ் கட்டர் வைத்து அறுக்க வேண்டாம் என்று. வணக்கம்.