முடிச்சுக்குள் ஈரம்

நெல்லை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

உங்களில் பலர் வீட்டில் ஒரு காலத்தில் லேண்ட்லைன் போன் இருந்திருக்கும். ஐப்பசி அடைமழையில் ரிசீவரை எடுத்தால் கரகரவென்று ஒரு சத்தம் வருமே, ஞாபகம் இருக்கிறதா? சில சமயம் அடுத்த தெருவில் யாரோ பேசுவது மெல்லிசாகக் கேட்கும். சில சமயம் போன் பாட்டுக்குச் சும்மா மேசை மேல் கிடக்கும். ஆனால் மதுரையில் இருந்து கூப்பிடும் மகளுக்கு 'எங்கேஜ்' சத்தம்தான் வரும். "அவ்வளவு நேரம் யாருகிட்டம்மா பேசிக்கிட்டிருந்தே?" என்று அவள் கோபித்துக்கொள்வாள். அம்மா யாரிடமும் பேசியிருக்க மாட்டார். நாலு நாள் வெயில் அடித்தால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும்.

அந்தக் கரகர சத்தத்துக்குப் பின்னால் ஓடியதுதான் என் வேலை. 1981-ல் ஜே.இ.யாக, அதாவது இளநிலைப் பொறியாளராக, சேர்ந்தபோது அது தபால் தந்தித் துறை. 1985-ல் தபாலும் தொலைத்தொடர்பும் தனித்தனித் துறைகள் ஆயின. 2000 அக்டோபர் 1 முதல் பி.எஸ்.என்.எல். நான் ஓய்வு பெற்ற 2013-ல்தான், ஜூலை 15-ஆம் தேதியோடு, தந்தி சேவையும் முடிந்தது. துறையின் பெயர்ப்பலகை மாறிக்கொண்டே இருந்தது. நான் மட்டும் அவுட்டோரிலேயே இருந்தேன். எக்ஸ்சேஞ்ச் கட்டடத்துக்குள் மிஷின்களைப் பார்த்துக்கொள்பவர்கள் இன்டோர். அந்தக் கட்டடத்தின் சுவரைத் தாண்டி உங்கள் வீட்டுக் கூடம் வரை உள்ள அத்தனையும் அவுட்டோர். போஸ்ட், கம்பி, கேபிள், தெருமுனையில் நிற்கும் பில்லர் என்ற கேபிள் பெட்டி, அங்கிருந்து வீடுகளுக்குக் கம்பி பிரியும், சுவரில் இருக்கும் டி.பி. பெட்டி எல்லாம் எங்கள் பொறுப்பு.

இன்றைக்கு அதில் ஒன்றைப் பற்றித்தான் முக்கியமாகப் பேச வந்திருக்கிறேன். ஜாயின்ட். கேபிளோடு கேபிளைச் சேர்க்கும் இடம்.

கேபிளைச் சுற்றி வைத்திருக்கும் பெரிய உருளைக்கு டிரம் என்று பெயர். ஒரு டிரம்மில் கேபிள் சில நூறு மீட்டர்தான் வரும். அது முடிந்த இடத்தில் அடுத்த டிரம்மின் கேபிளைச் சேர்த்தாக வேண்டும். அதனால் பாளையங்கோட்டையில் இருந்து மேலப்பாளையம் போவதற்குள் மண்ணுக்குள் எத்தனையோ முடிச்சுகள் விழுந்துவிடும். கேபிள் ஃபேக்டரியில் செய்தது. முடிச்சு தெருவோரப் பள்ளத்தில், ஒரு மனிதன் குந்தி உட்கார்ந்து கையால் போட்டது. கேபிள் லேசில் கெடாது. கெடுவது ஜாயின்ட்தான். யாராவது மண்வெட்டியால் வெட்டினால் அது வேறு விஷயம். மற்றபடி நான் பார்த்த ஃபால்ட்டில் பெரும்பாலானவை முடிச்சில்தான் இருந்தன. இதை இன்னும் இரண்டு மூன்று முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஈரம் புகுந்தால் ஏன் 'எங்கேஜ்' வருகிறது? உங்கள் போனுக்கு இரண்டு கம்பி வருகிறது. எக்ஸ்சேஞ்சில் உள்ள பேட்டரி அந்த இரண்டு கம்பிக்கும் நடுவே சுமார் 50 வோல்ட் வைத்துக் காத்துக்கொண்டிருக்கும். அதனால்தான் ஊரே இருட்டில் கிடந்தாலும் லேண்ட்லைன் வேலை செய்தது. நீங்கள் ரிசீவரை எடுத்ததும் இரண்டு கம்பியும் போன் வழியாகச் சேர்ந்து கரண்ட் ஓடும். 'ஆள் எடுத்துவிட்டார்' என்று எக்ஸ்சேஞ்ச் தெரிந்துகொள்ளும். இப்போது ஜாயின்ட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. அந்தத் தண்ணீர் வழியாகவே இரண்டு கம்பிக்கும் நடுவே கரண்ட் கசிகிறது. ரிசீவரை யாரோ எடுத்துவிட்டதாக எக்ஸ்சேஞ்ச் நம்பிவிடும். பிறகு மகளுக்கு எப்படி மணி போகும்?

இதோடு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்சேஞ்ச் பேட்டரியில் பிளஸ் முனையைத்தான் பூமியில் இறக்கி எர்த் செய்வோம். கம்பியில் இருப்பது மைனஸ். காரணம் இந்த ஈரம்தான். பிளஸ் பக்கம் இருக்கும் உலோகம் ஈரத்தில் கரைந்து போகும், மைனஸ் பக்கம் இருப்பது தப்பிக்கும். கம்பியை மைனஸாக வைத்தால் தண்ணீர் புகுந்தாலும் தாமிரம் அவ்வளவு சீக்கிரம் அரித்துப் போகாது. ஈரம் வந்தே தீரும் என்று ஏற்றுக்கொண்டுதான் பெரியவர்கள் இந்த ஏற்பாட்டைச் செய்தார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் அவர்கள் மேல் எனக்கு மரியாதை கூடும்.

நான் வேலைக்கு வந்தபோது பெரிய கேபிள்கள் எல்லாம் காகித கேபிள். ஆமாம், காகிதம்தான். ஒவ்வொரு தாமிரக் கம்பியையும் காகிதத்தால் சுற்றி, மொத்தத்தையும் ஈயக் குழாய்க்குள் அடைத்திருப்பார்கள். நாங்கள் '400 பேர் கேபிள்' என்போம். பேர் என்றால் ஆள் இல்லை, ஜோடி. ஒரு போனுக்கு ஒரு ஜோடி. 400 ஜோடி என்றால் 800 கம்பி. காகிதம் காய்ந்திருக்கும் வரை அருமையான காப்பு. நனைந்தால் எல்லாம் போயிற்று.

1992 நவம்பரில் தாமிரபரணியில் வெள்ளம் வந்தது. பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் வடிந்த பிறகு, கொக்கிரகுளம் பக்கம் ஆற்றை ஒட்டிய ஒரு குழியை இறைத்துப் பார்த்தோம். 400 பேர் கேபிளின் ஜாயின்ட் சேற்றுக்குள் கிடந்தது. ஈய உறையை வெட்டியதும் தண்ணீர் சொட்டியது. உள்ளே காகிதம் எல்லாம் நனைந்த கடலைப் பொட்டலம் மாதிரி தொட்டால் பிய்ந்து வந்தது.

எங்களிடம் ஒரு கேபிள் ஜாயின்டர் இருந்தார். என்னைவிட இருபது வயது மூத்தவர். மஸ்தூராக, அதாவது கூலித் தொழிலாளியாக, சேர்ந்து கைத்தொழிலால் மேலே வந்தவர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி, எனக்கும்தான். அவர் என்னை விடாமல் சார் என்றே கூப்பிடுவார். நனைந்த துண்டை வெட்டி எடுத்துவிட்டு, நடுவில் புதுத் துண்டு வைத்து, இரண்டு பக்கமும் ஜாயின்ட் போட வேண்டும் என்றார். ஒரு பக்கத்துக்கு 800 முறுக்கு. இரண்டு பக்கமும் சேர்த்தால் 1,600. குழிக்கு மேலே தார்ப்பாய் கட்டி, பெட்ரோமாக்ஸ் ஏற்றி வைத்துக்கொண்டு, இரண்டு பகல் இரண்டு இரவு அவரும் இன்னொருவரும் மாறி மாறி முறுக்கினார்கள். ஒவ்வொரு முறுக்கின் மேலும் சின்ன உறையைத் தள்ளி மூட வேண்டும். அவர் விரல் நுனியில் தாமிரம் கிழித்த கோடுகள் கறுத்துப் போயிருந்ததை இப்போதும் என்னால் பார்க்க முடிகிறது.

முறுக்கி முடித்தபின் மெழுகு. பாரஃபின் மெழுகை அடுப்பில் நன்றாகக் காய்ச்சி, கரண்டியால் மோந்து அந்தக் கம்பிக் கற்றை மேல் ஊற்ற வேண்டும். தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட மெழுகின் சூடு அதிகம். அதனால் காகிதத்துக்குள் ஈரம் இருந்தால் ஆவியாகி நுரைத்து வெளியே வரும். ஊற்றுவதிலும் ஒரு முறை உண்டு. இரண்டு ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கி வர வேண்டும். நடுவில் தொடங்கினால் ஈரத்தைக் கேபிளுக்குள்ளேயே விரட்டிவிடுவோம். ஈரம் போய்விட்டதா என்று எப்படித் தெரியும்? சத்தம்தான். ஈரம் இருந்தால் எண்ணெயில் போட்ட வடை மாதிரி பொரியும். இல்லையென்றால் மெழுகு பேசாமல் வழியும்.

அன்றைக்கு ராத்திரி மணி இரண்டு இருக்கும். முந்நூறு போனுக்கு மேல் நாலு நாளாகச் செத்துக் கிடந்தன. மேலே இருந்து மணிக்கு ஒரு முறை கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வெள்ளத்தில் உறவுக்காரர்கள் என்ன ஆனார்களோ என்று தவித்த ஜனங்கள் எக்ஸ்சேஞ்ச் வாசலில் வந்து நின்றார்கள். நான் பொறுமை இழந்துவிட்டேன். "போதும் அண்ணாச்சி, மூடிருங்க" என்றேன். அவர் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "சார், இன்னும் பொரியுது. கேளுங்க" என்றார். நான் கேட்கவில்லை. தார்ப்பாய் மேல் விழுந்த மழைச் சத்தம்தான் எனக்குக் கேட்டது. "மூடுங்க" என்றேன் மறுபடி.

அவர் மறுபேச்சுப் பேசவில்லை. ஈயக் குழாயை இழுத்து மூடி, புளோ லேம்ப்பைப் பற்றவைத்து, உருகிய ஈயத்தை ஊற்றி, கொழுப்புத் தடவிய துணியால் துடைத்து உருட்டினார். ஈயம் இறுகுவதற்கு முன்னால், வெண்ணெய்ப் பதத்தில் இருக்கும் சில நொடிகளில் அந்த வேலையை முடித்துவிட வேண்டும். முடித்தபோது மண்பானைக் கழுத்து மாதிரி வழவழவென்று இருந்தது. காலையில் எல்லா போனும் பேசின. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள்.

பதினோராவது நாள் அறுபது லைன் படுத்துவிட்டது. மறுபடி குழி தோண்டினோம், மறுபடி ஈயத்தை வெட்டினோம். வெளியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் புகவில்லை. ஈயத்தை ஊற்றித் துடைத்து மூடிய இடம் அப்படியே இறுக்கமாக இருந்தது. உள்ளே இருந்தது நான் வைத்து மூடச் சொன்ன ஈரம். அண்ணாச்சி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மெழுகு காய்ந்ததும், "சார், இந்தத் தடவ நீங்க காத வச்சிக் கேளுங்க" என்றார். குழிக்குள் இறங்கி மண்டியிட்டுக் கேட்டேன். பொரிந்தது. மறுபடி ஊற்றினார், பொரிந்தது. விடியும் நேரத்தில் அது அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குறைந்து, ஒரு கரண்டி மெழுகு சத்தமே இல்லாமல் வழிந்தது. "இப்ப சொல்லுங்க சார், மூடட்டுமா?" என்று கேட்டார். அந்த ஜாயின்ட், காகித கேபிளையே கைவிடும் வரை, மறுபடி திறக்கப்படவில்லை.

அதற்குப் பிறகு எந்த ஜாயின்டரிடமும் 'மூடுங்கள்' என்று நான் சொன்னதில்லை. 'மூடலாமா?' என்று கேட்டிருக்கிறேன்.

அப்புறம் ஜெல்லி கேபிள் வந்தது. காகிதத்துக்குப் பதில் பிளாஸ்டிக், நடுவில் உள்ள இடைவெளியில் எல்லாம் தண்ணீரை ஒட்டவிடாத ஜெல்லி. கையில் பட்டால் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. அதில் வண்ணக் கணக்கு ஒன்று உண்டு. வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா ஒரு பக்கம். நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சிலேட்டு இன்னொரு பக்கம். இதில் ஒன்று, அதில் ஒன்று என்று சேர்த்தால் ஐயைந்து இருபத்தைந்து ஜோடி. பள்ளிக்கூடம் போகாத பையன்கள்கூட வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார்கள். வெள்ளை நீலம் முதல் ஜோடி, ஊதா சிலேட்டு இருபத்தைந்தாவது. ஜெல்லி வந்ததும் ஃபால்ட் நிறையவே குறைந்தது. ஆனால் ஜாயின்ட் ஜாயின்ட்தான். ஜெல்லியைச் சரியாகத் துடைக்காமல் அவசரமாக மூடினால் அங்கேயும் அதே கதை.

நம் மண்ணைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த வேலையை மண்தான் தீர்மானிக்கிறது. மானூர், சங்கரன்கோவில் பக்கம் கரிசல். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் ஊதும். அப்படி அசையும்போது கேபிளையும் சேர்த்து இழுக்கும், போஸ்ட்டைச் சாய்க்கும். சாத்தான்குளம், திசையன்விளை பக்கம் தேரி மணல். தோண்டத் தோண்டச் சரியும். காய்ந்த மணலில் எர்த் கிடைப்பது பெரும்பாடு. அங்கே இடி தாங்க எர்த் போட வேண்டுமென்றால் உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றுவோம். உவரிக் கரையோரம் உப்புக்காற்று இரும்புக் கம்பியைத் தின்றுவிடும். ஆரல்வாய்மொழிக் காற்று வரும் பாதையில் மேலே கட்டிய கம்பிகள் ஒன்றோடு ஒன்று மோதிக்கொள்ளும். ஒரே கோட்டத்துக்குள் இத்தனை மண், இத்தனை காற்று. ஒரு ஊரில் கற்றதை அடுத்த ஊரில் அப்படியே செய்ய முடியாது.

நேரம் ஆகிவிட்டதாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கை காட்டுகிறார்கள். மலைமேல் ஊர்களுக்கு ரேடியோ வழியாகப் போன் கொடுத்ததைச் சொல்ல நினைத்தேன், இன்றைக்கு முடியாது. ஆனால் ஃபைபரைச் சொல்லாமல் போக மாட்டேன்.

கண்ணாடி இழை. உறையோடு சேர்த்தே 125 மைக்ரான், தலைமுடியின் கனம்தான். ஒளி போகும் நடுப்பகுதி சுமார் 9 மைக்ரான். இரண்டு நுனியையும் எதிரெதிரே வைத்து மின்பொறியில் உருக்கி ஒட்டுகிறோம். கொஞ்சம் தூசி ஒட்டியிருந்தாலும் ஒளி அங்கே குறைந்துவிடும். இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு ஜாயின்ட் வந்தே ஆகும், மறுபடி ஜாயின்ட்தான்! உங்கள் கையில் இருக்கும் செல்போன் கம்பி இல்லாதது என்று நினைக்காதீர்கள். டவர் வரைக்கும்தான் காற்று. டவரில் இருந்து அது பெரும்பாலும் மண்ணுக்குள் இறங்கி இந்தக் கண்ணாடி வழியாகத்தான் போகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியபோது நம் பக்கத்தில் எத்தனை பேருடைய செல்போன் ஊமையாகிப் போனது! கரண்ட் போய் டவர் பேட்டரி தீர்ந்தது ஒரு பக்கம், ரோட்டோடு சேர்ந்து ஃபைபர் அறுந்தது இன்னொரு பக்கம்.

கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டு வாசலிலோ தோட்டத்து ஓரத்திலோ குழாய் போட ஜே.சி.பி. வைத்துத் தோண்டும்போது, மண்ணுக்குள் வரிசையாகச் செங்கல் அடுக்கியிருந்தாலோ, கைப்பிடிக் கனத்தில் பிளாஸ்டிக் குழாய் தெரிந்தாலோ வண்டியை நிறுத்திவிடுங்கள். ஃபைபரை 165 செ.மீ. ஆழத்தில் போடுவதுதான் முறை. ஆனால் பாறை உள்ள இடத்தில் மேலேயே கிடக்கும். குழாயை வெட்டாமல் பக்கத்து டெலிபோன் ஆபீசுக்குத் தகவல் சொல்லுங்கள். அன்று ராத்திரி ஒரு ஜாயின்டர் குழிக்குள் இறங்க வேண்டியிருக்காது.

வணக்கம்.