குழாய் எதற்கு?

நண்பர்களே, இராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றன என்று சொல்லித்தான் 2003இல் அமெரிக்கா அதன்மேல் படையெடுத்தது. அந்தப் போரைப் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "உளவுத் துறை தப்பான தகவல் கொடுத்துவிட்டது, அதிபர் புஷ் என்ன செய்வார் பாவம்?" அந்தப் பாவத்தைக் கொஞ்சம் விசாரிக்கலாம் என்றுதான் வந்திருக்கிறேன்.

எதிர்த்தரப்பு நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இராக் அதிபர் சதாம் உசேன் அப்பாவி இல்லை. 1988இல் ஹலப்ஜாவில் விஷவாயு போட்டு ஆயிரக்கணக்கான குர்து மக்களைக் கொன்றவர். அப்புறம் ஐ.நா. ஆய்வாளர்களிடம் ஆயுதங்களை மறைத்தவர். அவர்மேல் சந்தேகப்பட்டதைக் குறை சொல்ல மாட்டேன். சந்தேகப்பட்ட பிறகு என்ன செய்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

இராக் அணுகுண்டு செய்யப் பார்க்கிறது என்பதற்கு ஆதாரமாகக் காட்டிய அலுமினியக் குழாய்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 81 மில்லிமீட்டர் விட்டம். இராக்குக்குப் போகும் வழியில் 2001இல் ஜோர்டானில் பிடிபட்டவை. அணுகுண்டுக்கு ஏற்றபடி யுரேனியத்தைச் செறிவூட்டும் மையவிலக்கு இயந்திரத்துக்குத்தான் இவை என்றது அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ. அந்த இயந்திரத்தோடு பழகியவர்கள் அமெரிக்க எரிசக்தித் துறையில் இருந்தார்கள். இது அதற்குத் தோதுப்படாது, இராக் முன்பே செய்துவந்த ராக்கெட்டுக்கு இதே அளவுக் குழாய்தான் என்றார்கள். வேலை தெரிந்தவர்கள் சொன்னது உளவு அறிக்கையில் மாற்றுக் கருத்தாக ஓரத்தில் பதிவானது, அவ்வளவுதான்.

2003 பிப்ரவரி 5. ஐ.நா. பாதுகாப்புச் சபையில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல், ஆந்த்ராக்ஸ் கிருமியின் ஆபத்தை விளக்க ஒரு சின்னக் குப்பியைத் தூக்கிக் காட்டியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதே உரையில் குழாய்களும் வந்தன. நிபுணர்களிடையே கருத்து வேறுபாடு உண்டென்று அவரே சொன்னார். தான் நிபுணர் இல்லை, பழைய ராணுவக்காரர் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு, வெறும் ராக்கெட்டுக்கு இவ்வளவு நுணுக்கமான அளவு எதற்கு என்று கேட்டு, அணு ஆயுதத்தின் பக்கமே சாய்ந்தார். நடமாடும் கிருமி ஆய்வகங்கள் பற்றியும் பேசினார். அந்தக் கதைக்கு முக்கிய ஆதாரம், 'கர்வ்பால்' என்று பெயர் சூட்டப்பட்ட, ஜெர்மனியில் இருந்த ஓர் இராக்கியர். போருக்கு முன்பு சி.ஐ.ஏ. அவரை நேரில் உட்காரவைத்து ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வாடகைக்கு வருபவரைக்கூட நாம் அதைவிட நன்றாக விசாரிப்போம்!

இதையெல்லாம் பின்னால்தான் கண்டுபிடித்தார்கள் என்று நினைக்காதீர்கள். தீர விசாரிக்கிற வேலை அப்போதே இராக்கில் நடந்துகொண்டிருந்தது. மார்ச் 7ஆம் தேதி, அதே சபையில், சர்வதேச அணுசக்தி முகமையின் தலைவர் எல்பரதேய் அறிக்கை வைத்தார். குழாய்கள் மையவிலக்குக்கு என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆப்பிரிக்க நாடான நைஜரிடம் இராக் யுரேனியம் வாங்க முயன்றதாகக் காட்டிய காகிதங்கள் போலி. ஐ.நா. ஆயுத ஆய்வுக் குழுத் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸ், எஞ்சிய வேலைக்கு வருடக்கணக்கில் ஆகாது, வாரங்களிலும் முடியாது, மாதங்கள் வேண்டும் என்றார்.

பதின்மூன்றாம் நாள் பாக்தாதில் குண்டு விழுந்தது.

பிளிக்ஸுக்குச் சில மாதங்கள் கொடுக்க முடியாது என்றவர்கள், நாட்டைப் பிடித்த பிறகு ஆயிரம் பேருக்குமேல் கொண்ட தங்கள் சொந்தக் குழுவை இறக்கி, ஒரு வருடத்துக்கும் மேலாகத் தேடினார்கள். 2004 அக்டோபரில் அந்தக் குழுவின் அறிக்கை வந்தது. ஆயுதக் கிடங்கு எதுவும் இல்லை. குழாய்கள் ராக்கெட்டுக்குத்தான்.