தூக்க மாத்திரை தந்த துப்பு

நேயர்களுக்கு வணக்கம். விரலில் வெட்டுக்காயம் பட்டால் அந்த இடம் சிவக்கிறது, சூடாகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. அதுதான் அழற்சி. காயம் ஆறியதும் அது அடங்கிவிட வேண்டும். ஆண்டுக்கணக்கில் அடங்காமல் கனன்றுகொண்டே இருந்தால், அங்கே புற்றுநோய் தலைதூக்கும் வாய்ப்புக் கூடுகிறது. கல்லீரலிலும் பெருங்குடலிலும் மருத்துவர்கள் இதைக் கண்கூடாகக் காண்கிறார்கள். அழற்சி உள்ள இடத்தில் திரளும் வெள்ளணுக்கள் புற்றுக்கட்டிக்குள்ளும் குவிந்திருப்பதை ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோ 1863ஆம் ஆண்டிலேயே கவனித்துவிட்டார். அதனால்தான் இரண்டு நோய்களுக்குமான மருந்துத் தேடல் அடிக்கடி ஒரே ஆய்வுக்கூட மேசைக்கு வந்து சேர்கிறது.

எங்கே பேசினாலும் தாலிடோமைடு பற்றிச் சொல்லாமல் என்னால் இருக்க முடிவதில்லை. தூக்க மாத்திரையாக விற்கப்பட்ட மருந்து அது. கர்ப்பிணிகள் அதை உட்கொண்டதால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் வளர்ச்சியின்றிப் பிறந்தார்கள். 1961இன் இறுதியில் விற்பனை நிறுத்தப்பட்டது. அந்தக் கொடுமையை ஒரு கணமும் மறந்துவிட்டு இந்தக் கதையைக் கேட்கக் கூடாது.

1964ஆம் ஆண்டு. ஜெருசலேமில் ஜேக்கப் ஷெஸ்கின் என்ற மருத்துவரிடம் தொழுநோயாளி ஒருவர் இருந்தார். உடலெங்கும் சிவந்த கட்டிகள், காய்ச்சல், பொறுக்க முடியாத வலி. தூக்கம் அறவே இல்லை. வேறு எதுவும் பலிக்காததால், ஷெஸ்கின் தாலிடோமைடைக் கொடுத்தார். நோயாளி தூங்கினார். அதோடு நிற்கவில்லை, சில நாட்களில் கட்டிகளும் அடங்கத் தொடங்கின! தூக்கத்துக்குக் கொடுத்த மருந்து அழற்சியைத் தணித்திருந்தது. அவர் அதைத் தற்செயல் என்று தள்ளிவிடாமல் மற்ற நோயாளிகளிடமும் சோதித்துப் பார்த்தார். அந்தக் கவனத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். பிறகு, 1999இல், எலும்பு மஜ்ஜையில் வரும் மைலோமா என்ற புற்றுநோயிலும் அது பலன் தருவது தெரியவந்தது.

எப்படி? மருந்து வேலை செய்கிறது என்பது பாதிச் செய்தி. உடலுக்குள் அது எதைப் பற்றிக்கொள்கிறது என்பதுதான் மீதி. 2010இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நுண்ணிய காந்த மணிகளில் தாலிடோமைடை ஒட்டி, செல்களைச் சிதைத்தெடுத்த சாற்றில் கலந்தார்கள். காந்தத்தால் மணிகளை இழுத்து, நன்றாகக் கழுவினார்கள். கழுவிய பிறகும் விடாமல் ஒட்டியிருந்தது செரிப்லான் என்ற புரதம். செல்லுக்குள் எந்தப் புரதத்தை அழிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதில் அதற்குப் பங்கு உண்டு. தாலிடோமைடு ஒட்டியதும் அந்தத் தேர்வே மாறிவிடுகிறது. மைலோமா செல் உயிர்வாழத் தேவையான புரதங்கள் அழிகின்றன. கருவிலோ, கைகால் வளர்ச்சிக்கு வேண்டிய புரதம் அழிகிறது. நன்மைக்கும் தீமைக்கும் பிடி ஒன்றுதான். மீண்டும் சொல்கிறேன், பிடி ஒன்றுதான். இது தெரிந்த பிறகுதான், வேண்டாத புரதத்தை மட்டும் அழிக்கும் புதிய மருந்துகளைத் திட்டமிட்டு வடிவமைக்க முடிந்தது.

நேரம் முடியப்போவதாகச் சைகை காட்டுகிறார்கள். கனாகினுமாப் என்ற மருந்தைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், சுருக்கிவிடுகிறேன். இதய நோயாளிகளின் அழற்சியைக் குறைக்கத் தந்த அந்த மருந்தால் நுரையீரல் புற்றுநோய் மரணங்கள் குறைந்தன என்று 2017இல் செய்தி வந்தது. ஆனால் நுரையீரல் புற்றுநோய் ஏற்கெனவே வந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனைகளில் அது எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. ஏன் என்ற ஆய்வு இன்னும் தொடர்கிறது. நன்றி, வணக்கம்.